தடுப்பூசியால் பாதிப்பு என்றால் இழப்பீடு யார் தருவது?

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துக் காபித் தோட்டங்களிலிருந்து தாய்மார்கள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். அவர்களில் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் கற்பனைப் பாத்திரம். அவருக்கு வரப்போகும் கேள்விகள் கற்பனை அல்ல. குழந்தைக்குப் பதினான்காவது வாரத் தவணை. வாயில் போலியோ சொட்டு, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி, தவணையில் உள்ள மற்றவை. இரவு காய்ச்சல் வந்தது. செவிலியர் கொடுத்த மருந்தில் விட்டது. சில நாள் கழித்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தாய் கவனிக்கிறார்: இடது காலை வீசி உதைக்கும் குழந்தை வலது காலை உதைக்கவில்லை. தூக்கிப் பிடித்தால் பாதம் தொங்குகிறது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஐம்பதாயிரம் ரூபாய் அரசு தரும் என்கிறார் ஒருவர். கம்பெனி மீது வழக்குப் போடலாம் என்கிறார் இன்னொருவர். சர்க்காரை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் மூன்றாமவர். மூன்றிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எது எந்தப் பாதி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஐம்பதாயிரத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். அது கொரோனா நோயால் இறந்தவர்களின் குடும்பத்துக்கானது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று அளித்த தீர்ப்பையொட்டி அறிவிக்கப்பட்ட கருணைத் தொகை. தடுப்பூசிப் பாதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

## முதலில் சில சொற்கள்

ஊசி போட்ட இடம் வீங்குவதும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிப்பதும் பக்க விளைவு. எதிர்பார்க்கப்பட்டது, தானாகச் சரியாவது. அதற்கு இழப்பீடு கேட்க யாரும் போவதில்லை.

தடுப்பூசி போட்டபின் நேரும் எந்த உடல்நலக் கேட்டையும், காரணம் என்னவென்று தெரியும் முன்பே, சுகாதாரத் துறை 'ஏஇஎஃப்ஐ' என்று பதிவு செய்கிறது. தமிழில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வு எனலாம். இந்தச் சொல்லில் 'பிந்தைய' என்பதுதான் முக்கியம். ஊசிக்குப் பிறகு நடந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. ஊசியால் நடந்தது என்று சொல்லவில்லை. மரணம், மருத்துவமனையில் சேர்க்கும் நிலை, உடல் ஊனம் ஆகியவை கடும் நிகழ்வுகள். அவற்றை 48 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி.

'பிறகு' என்பதிலிருந்து 'ஆல்' என்பதற்குப் போக ஒரு விசாரணை உண்டு. காரணத் தொடர்பு மதிப்பீடு என்பது அதன் பெயர். இழப்பீட்டின் தலையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகிறது.

## ஒரே கால், மூன்று காரணங்கள்

அந்தக் குழந்தையின் காலுக்கே திரும்புவோம். கால் திடீரெனத் தளர்ந்து தொங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. நமக்கு மூன்று போதும்.

1. ஊசி தவறான இடத்தில் ஏறியிருக்கலாம். கைக்குழந்தைக்குத் தொடையின் முன்புற வெளிப்பக்கத்தில்தான் போட வேண்டும். பிட்டத்தில் போட்டால் அங்கே ஓடும் பெரிய நரம்பில் ஊசி பட வாய்ப்புண்டு. பட்டால் பாதம் தொங்கும். இது போட்ட முறையில் நேர்ந்த பிழை.

2. போலியோ சொட்டு மருந்தே காரணமாக இருக்கலாம். அதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். பல லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற மிக அரிய விகிதத்தில் அது வாதத்தை உண்டாக்கும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட மருத்துவ உண்மை. சொட்டு கொடுத்தவர் பிழை செய்யவில்லை. மருந்திலும் குறையில்லை. அந்த மருந்தின் இயல்பிலேயே உள்ள ஆபத்து இந்தக் குழந்தை மேல் விழுந்திருக்கிறது.

3. ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல், வேறு கிருமித் தொற்றைத் தொடர்ந்து நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். புதன்கிழமை ஊசி போடாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

தாயின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். சட்டத்தின் முன் மூன்றும் வெவ்வேறு. முதலாவதில் அலட்சியம் இருக்கிறது, வழக்கு நிற்கும். மூன்றாவதில் யாரும் பொறுப்பில்லை, அது நியாயமும்கூட. இரண்டாவதுதான் நெஞ்சை அறுப்பது. தடுப்பூசியால்தான் பாதிப்பு என்பது உறுதி, ஆனால் தவறு செய்தவர் என்று ஒருவரும் இல்லை. நம் பொதுச் சட்டம் தவறைத் தேடியே பழகியது. தவறு கிடைக்காத இடத்தில் அது கையை விரித்துவிடும். ஊர் முழுவதும் போலியோவிலிருந்து தப்புவதற்காகப் போட்ட சொட்டில் ஒரு குழந்தை கால் இழந்தால், தடுப்பூசியால் பாதிக்கப்பட்டும் உதவி மிகக் குறைவாகக் கிடைக்க வாய்ப்புள்ளது அதற்குத்தான்.

இப்படிப்பட்ட பாதிப்பு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த அந்த மருந்து சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் வாதத்தையும் கொண்டுவந்தது. ஆபத்து தெரிந்தே பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். அதன் உற்பத்தி 2004 இறுதியில்தான் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

## எழுத்தை யார் போடுகிறார்கள்

கடும் நிகழ்வு என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்புகிறார். மாவட்ட அளவில் விசாரணை நடக்கிறது. ஊசி போட்ட செவிலியர், குப்பியின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), குளிர்சாதனப் பெட்டியின் வெப்பப் பதிவேடு, அதே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றக் குழந்தைகளின் நிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மருந்து மாதிரி இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும். கோப்பு மாநிலக் குழுவுக்கும் தேசியக் குழுவுக்கும் போகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி இறுதியில் ஓர் எழுத்து விழும்.

'ஏ' என்றால் தடுப்பூசியோடு தொடர்புடையது. அதற்குள் நான்கு பிரிவுகள்: ஏ1 மருந்தின் இயல்பால் வந்தது, ஏ2 மருந்தின் தரக்குறைவால் வந்தது, ஏ3 போட்ட முறையின் பிழையால் வந்தது, ஏ4 ஊசி பயத்தால் மயங்கி விழுவது போன்றது. 'பி' என்றால் முடிவுக்கு வர இயலவில்லை. 'சி' என்றால் தற்செயல். 'டி' என்றால் வகைப்படுத்தப் போதிய தகவல் இல்லை.

நம் குழந்தையின் முதல் காரணம் ஏ3. இரண்டாவது ஏ1. மூன்றாவது சி.

நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, அதற்கடுத்த நாள் இறந்தது தமிழகத்தையே உலுக்கியது. ஊசிதான் காரணம் என்ற பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. தேசியக் குழு அந்த மரணத்தைத் தற்செயல் என்றே வகைப்படுத்தியது. அந்த முடிவை எல்லோரும் ஏற்றார்களா என்பது வேறு. எழுத்து விழுந்தபின் அதைத் தாண்டி வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சான்று.

இதில் இரண்டு விஷயங்களைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இந்த மதிப்பீடு தடுப்பூசித் திட்டத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கானது. யார் பணம் தர வேண்டும் என்று தீர்மானிப்பதற்கானது அல்ல. குழுவின் எழுத்து நீதிமன்றத்தைக் கட்டிப்போடாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

இன்னொன்று, 'டி' என்ற எழுத்து. அது பலமுறை மருத்துவத்தின் தோல்வி அல்ல, காகிதத்தின் தோல்வி. குழந்தை இறந்துவிட்டது, பிரேதப் பரிசோதனைக்கு உடலைக் கொடுக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் அவர்களிடம் போய் வற்புறுத்த எந்த மனிதனுக்கும் நா எழாது. ஆனால் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், பிறகு எந்தக் குழுவாலும், எந்த நீதிபதியாலும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். இதை மருத்துவரோ செவிலியரோ அருகில் உட்கார்ந்து, கை பிடித்துச் சொல்ல வேண்டும். ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது சொல்வது ஆகாது.

## பணம் கொடுத்துப் போட்டதா, இலவசமா?

கேட்கவே பொருத்தமில்லாததுபோலத் தோன்றும் கேள்வி. ஆனால் எந்த மன்றத்துக்குப் போவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

நுகர்வோர் சட்டத்தின்கீழ் மருத்துவ சேவை வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு ஒரு கோடும் போட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் இடத்தில் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர் அல்லர். கட்டணம் செலுத்துவோரும் இலவசமாகப் பெறுவோரும் கலந்து வரும் மருத்துவமனையில் இரு சாராருமே நுகர்வோர்தான்.

ஆகவே சேலம் நகரில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் பணம் கட்டி ஊசி போட்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்ட நம் தாய்க்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. ஒரே மருந்து, ஒரே பிழை, ஒரே ஊனம். ஏழைக்கு நீளமான வழி, வசதியுள்ளவருக்குக் குறுக்கு வழி. சட்டம் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை என்றாலும் விளைவு இதுதான், இது சரியில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள்:

1. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். மருந்து நிறுவனம் புனேயில் இருந்தாலும் ஐதராபாத்தில் இருந்தாலும் வழக்கு சேலத்தில் நடக்கும்.

2. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. நீங்கள் செலுத்திய கட்டணம் தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை செலுத்தியிருந்தால் மாவட்ட ஆணையம். ஆக, மூவாயிரம் ரூபாய் ரசீதை வைத்துக்கொண்டு ஒரு கோடி கேட்டாலும் இடம் மாவட்ட ஆணையமே. செலுத்தியது 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

3. காலவரையறை இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

4. மருந்திலேயே குறை என்றால், அதாவது ஏ2 என்றால், இதே சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்ற தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கலாம்.

ரசீது இல்லாமல் இவற்றில் ஒன்றும் நகராது. ஊசிக்குத் தனியாக ரசீது தராமல் ஆலோசனைக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் கிளினிக்குகள் உண்டு. மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் போட்டுக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

## அரசு நிலையத்தில் போட்டிருந்தால்

'சர்க்காரை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது' என்பது முழு உண்மை அல்ல. அரசு மருத்துவர் அல்லது செவிலியரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, அரியானாவிலிருந்து வந்த ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை வழக்கில் சொல்லிவிட்டது. வழிகள் இரண்டு.

சேலம் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. அரசுக்கு எதிராக என்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கால வரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். ஆனால் ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு இழப்பீடு கேட்டால் ஓராண்டுதான் என்று காலவரையறைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு; எதிர்த்தரப்பு அதைக் கையில் எடுக்கும். எனவே ஓராண்டையே எல்லையாக மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் 18 வயது நிறைந்த பிறகு வரம்பைக் கணக்கிட அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பதினெட்டு ஆண்டு கழித்து எந்தச் செவிலியர் சாட்சி சொல்வார், எந்தப் பதிவேடு மிஞ்சியிருக்கும்?

மற்றது, சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. வேகமான வழி. ஒரே குப்பியிலிருந்து போட்ட பல குழந்தைகள் பாதிக்கப்பட்டது போலத் தவறு வெளிப்படையாகத் தெரியும்போது அந்த வழி பலன் தரும். உண்மை எது என்பதிலேயே சண்டை இருந்தால், சிவில் நீதிமன்றம் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்பதற்குத் தமிழகத்திலிருந்தே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அது தடுப்பூசி வழக்கு அல்ல. குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தையின் கண் பரிசோதனையைத் தவறவிட்ட வழக்கு. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் பிறந்த அந்தக் குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015இல் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. எதிர்காலச் சிகிச்சைச் செலவு ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும் என்பதைக் கணக்கில் கொண்ட தீர்ப்பு அது. நீதி கிடைத்தபோது அந்தக் குழந்தை பதினெட்டு வயதைத் தாண்டியிருந்தது.

## யாருடைய தவறும் இல்லாதபோது

இனி அந்த ஏ1. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பம் ரயில்வேயின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தால் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், ஓட்டுநரின் தவறைக் காட்டாமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். 'தவறு நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீடு' என்பது நம் சட்டத்துக்கு அந்நியமான கருத்தே அல்ல. ரயிலுக்கு இருக்கிறது, பஸ்ஸுக்கு இருக்கிறது. தடுப்பூசிக்கென்று நாடாளுமன்றம் அப்படியொரு சட்டம் இயற்றவில்லை.

அமெரிக்காவில் 1988 முதல் இந்த ஏற்பாடு உண்டு. குழந்தைத் தடுப்பூசிகளில் ஒரு தவணை தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வசூலித்து ஒரு நிதி திரட்டுகிறார்கள். எந்தத் தடுப்பூசிக்கு எந்தப் பாதிப்பு, எத்தனை நாளுக்குள் தோன்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. பாதிப்பு அதற்குள் அடங்கினால் தடுப்பூசியே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டன் 1979இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 60 சதவீத ஊனம் என்றால் 1,20,000 பவுண்டு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்பதால் அங்கேயும் கண்ணீர் உண்டு.

கொரோனா ஊசிகளைப் பற்றிய சர்ச்சை இந்த இடைவெளியில்தான் எழுந்தது. தடுப்பூசிக்குப் பிறகு மகள்களை இழந்ததாகச் சொன்ன பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மத்திய அரசு 2022 நவம்பரில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், போட்டுக்கொள்ளச் சட்டக் கட்டாயம் இல்லை, அரசு பொறுப்பேற்க முடியாது, பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றம் போகலாம் என்றது. அதற்குச் சில மாதம் முன்னர் கேரள உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்கு வழிகாட்டு நெறி வகுக்கும்படி சொல்லியிருந்தது. மத்திய அரசு அதையும் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. 2024இல் அஸ்ட்ராசெனகா நிறுவனம், மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையக்கூடும் என்று லண்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, இங்கே அதே மருந்தான கோவிஷீல்டு போட்டவர்கள் பலரும் நடுங்கினார்கள். அந்தப் பாதிப்பு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தெரிவது. ஆண்டுகள் கழித்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதை அன்று செய்திகள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டக் கட்டாயம் இல்லை என்ற வாதம் காகிதத்தில் சரி. ஆனால் ஊசிச் சான்று இல்லாமல் வேலைத்தளத்துக்குள் விடாத நாட்களை மக்கள் மறக்கவில்லை. தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதில் இக்கட்டுரைக்கு ஐயமே இல்லை. இந்தியாவில் காட்டுப் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். அந்த வெற்றியின் பயன் எல்லோருக்கும் கிடைத்தது. அதன் விலையை மட்டும் மலைமேல் ஒரு கூலிக் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

மருந்துப் பரிசோதனையில் பங்கேற்றவர்களின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி பரிசோதனையால் பாதிப்பு நேர்ந்தால் அதை நடத்துபவர் இழப்பீடு தந்தே ஆக வேண்டும். எட்டு லட்சத்தை அடிப்படையாக வைத்து வயது, நோய்நிலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் சூத்திரமே உண்டு. சோதனைக்கு ஆளானவருக்கு இருக்கும் இந்த உரிமை, ஒப்புதல் பெற்ற ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு இல்லை.

## முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

வழக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். காகிதம் பிறகு கிடைக்காது.

1. ஊசி போட்ட இடத்தில் உடனே சொல்லுங்கள். பயன்படுத்திய குப்பிகளை 48 மணி நேரம் வரை, அல்லது அடுத்த தடுப்பூசி அமர்வு வரை வைத்திருப்பது நடைமுறை, அதன்பின் அழித்துவிடுவார்கள். குப்பியின் மேல் ஒரு வட்டமும் உள்ளே ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். சதுரமும் வட்டமும் ஒரே நிறம் என்றால் போடவே கூடாது. அந்தச் சிறு சதுரம் வழக்கில் சாட்சி.

2. தாய் சேய் நல அட்டையை யாரிடமும் மூலமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஊசி போட்ட இடம், வீக்கம், கால் அசையாத காட்சி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி கைப்பேசியில் காணொளியாக எடுங்கள்.

3. கை கால் திடீரெனத் தளர்ந்தால், 15 வயதுக்குட்பட்ட யாராக இருந்தாலும், போலியோ கண்காணிப்பின்கீழ் தெரிவித்தாக வேண்டும். 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும். நாள் தவறிவிட்டால் ஏ1 என்று நிறுவும் வாய்ப்பு பெரும்பாலும் நழுவிவிடும். மாதிரி எடுத்தார்களா என்று பெற்றோரே கேட்க வேண்டும்.

4. அதிகாரிகள் எழுதவில்லை என்றால் நீங்களே எழுதலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. மக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகத் தெரிவிக்க வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 தீர்ப்பில் கூறியிருக்கிறது.

5. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ தனியாரிடமோ சேர்த்திருந்தால், சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. நரம்பு மின்கடத்தல் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும். ஊசிக்காயமா, வேறு நோயா என்று பிரித்துக் காட்டக் கூடியது அது.

6. மாவட்ட சுகாதார அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

## வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால்

பெண், குழந்தை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளி ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடித் தாய் ஒருவர் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தால் தகுதி பெறுகிறார். அவர் குழந்தையும் தகுதி பெறுகிறது. சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். மலையிலிருந்தே 15100 என்ற எண்ணில் பேசலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்து, ஒரு நாள் கூலியை இழந்து, அதிகாரி இல்லை என்று திரும்புவதற்கு முன் அந்த எண்ணில் பேசிவிடுவது நல்லது.

வழக்கு ஓடும் வரை குழந்தையின் கால் காத்திருக்காது. இயன்முறைச் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை உதவிகளுக்கும் வழி செய்யும், ஊனத்தின் சதவீதத்துக்கு அரசே தந்த சான்றாக வழக்கிலும் நிற்கும்.

தகவல் உரிமை விண்ணப்பத்தில் நீட்டி எழுத வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை இவைதான்: இந்தத் தேதியில் இந்த நிலையத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு தடுப்பூசியின் பெயரும் தொகுதி எண்ணும், அன்றைய குளிர்பதன வெப்பப் பதிவேட்டின் நகல், அதே குப்பியில் ஊசி போட்ட மற்றக் குழந்தைகளின் எண்ணிக்கையும் அவர்களில் எவருக்கேனும் பாதிப்பு உண்டா என்பதும், என் குழந்தை தொடர்பாக அனுப்பிய பாதக நிகழ்வு அறிக்கையின் நகலும் அனுப்பிய தேதியும், காரணத் தொடர்பு மதிப்பீட்டில் இட்ட வகை, அதற்கான காரணங்களுடன்.